11 வயசு நாய்க்கு ஹார்ட்வார்ம்: ஊசி போடலாமா, வேண்டாமா?

சுதா (கேட்டி, டெக்சஸ்) | 4 மார்ச் 2024

எங்க ரோஸிக்கு 11 வயசு. லேப்ரடார் கலப்பு, 28 கிலோ. பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனப்போ எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல ஹார்ட்வார்ம் (கொசு கடிச்சுப் பரவுற இதயப்புழு) பாசிட்டிவ். அப்பப்போ இருமுவா, வயசாயிருச்சுன்னு நெனச்சிருந்தோம். மூணு ஊசி போடணும், எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு டாலர் கிட்ட வரும்னு டாக்டர் சொல்றாங்க. என் வீட்டுக்காரர், "இந்த வயசுல அதைப் போட்டுக் குத்திக் கொடுமைப்படுத்தணுமா, இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே"ங்கிறார். எனக்கும் பாதி மனசு அந்தப் பக்கம்தான். வயசான நாய்க்கு இந்த வைத்தியம் பண்ணினவங்க யாராவது சொல்லுங்க.

கொசுவத்தி (பேர்லாண்ட்) | 4 மார்ச் 2024

நான் பண்ணியிருக்கேன். எங்க டியூக் கவுன்ட்டி காப்பகத்துலேருந்து வந்தவன். பல்லைப் பார்த்துப் பத்து வயசு இருக்கும்னாங்க. ஹார்ட்வார்ம் இருக்குன்னு சொல்லித்தான் கையில கொடுத்தாங்க. அதனால "ஐயோ, இப்படி ஆயிப்போச்சே"ன்னு உக்காந்து அழற வேலை எங்களுக்கு இல்லாம போச்சு.

உங்க வீட்டுக்காரர் பாசத்துல சொல்றார், புரியுது. ஆனா அவர் கணக்குல புழுவைச் சேர்க்கல. வளர்ந்த புழு நாய்க்குள்ள 5லேருந்து 7 வருஷம் உயிரோட இருக்கும். பெண் புழு 25, 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். பெரும்பாலும் அது குடியிருக்கிறது இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல. அது அங்க இருக்க இருக்க குழாயோட உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். முதல்ல இருமல், அப்புறம் நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும், அதையும் விட்டா வயித்துல நீர் கோத்துக்கும். ரோஸிக்கு முன்னாடி புழு செத்துரும்னு நம்பி இருக்க முடியாது. சும்மா விட்டா நிம்மதியா இருப்பாங்கிறது நடக்கிற காரியமா எனக்குப் படல.

அதுக்காக நாளைக்கே ஊசிக்குத் தலையாட்டிடாதீங்க. ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ற விஷயம் இல்ல இது. வேற கம்பெனி கிட்ல ஆன்டிஜென் (ரத்தத்துல புழு விடற பொருளைத் தேடுற டெஸ்ட்) இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க. ரத்தத்துல குஞ்சுப்புழு, அதாவது மைக்ரோஃபைலேரியா ஓடுதான்னும் பார்க்கணும். நெஞ்சு எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ, கிட்னி, லிவர், சிறுநீர். வயசான நாய்க்கு இதுல எதையும் விடக்கூடாது. இதுக்கே கணிசமா செலவாகும். பரவாயில்ல, ஊசிக்கு முன்னாடி செலவு பண்ண வேண்டிய பணம் இதுதான்.

கொசுவத்தி | 5 மார்ச் 2024

ராத்திரி எழுத விட்டுப்போனது, இதுதான் எல்லாத்தையும் விட அவசரம்: இன்னைக்கே ஓட்டத்தை நிறுத்துங்க. பந்து போடுறது, மாடிப்படி, தபால்காரரைப் பார்த்து ஜன்னலுக்கு ஜன்னல் பாயுறது, எல்லாம். நாய் ஓடினா ரத்த ஓட்டம் வேகமாகும், ஏற்கனவே அடிபட்ட நுரையீரல் குழாய்க்கு அது தாங்காது. நீங்க ஊசி போட்டாலும் போடாட்டாலும் இந்த விதி மாறாது.

சுதா | 6 மார்ச் 2024

ரொம்ப நன்றிண்ணா. எக்கோவுக்கு அடுத்த வாரம் நாள் கிடைச்சிருக்கு. அந்த ஊசியில ஆர்செனிக் இருக்குன்னு இணையத்துல படிச்சேன். நிஜமாவா? அதுலேருந்து எனக்குத் தூக்கமே வரல.

கொசுவத்தி | 6 மார்ச் 2024

நிஜம்தான். மருந்தோட பேர் மெலார்சமின். இம்மிடிசைட், டைரோபன்னு ரெண்டு பேர்ல வருது. ஆர்செனிக் கலந்த மருந்துதான். எங்க வீட்டுல இதைச் சொன்னதும் மாமியார் காதைப் பொத்திக்கிட்டாங்க. பாஷாணத்தை யாராவது ஊசியில போடுவாங்களான்னு ஒரே ரகளை. பழனியில மூலவரே நவபாஷாணம்தானே அத்தைன்னு சொல்லிப் பார்த்தேன். "அது போகர் பண்ணினது, இவன் யாரு"ன்னுட்டாங்க. (அவங்க டியூக்கைத் துக்காராம்னுதான் கூப்பிடுவாங்க. அவனும் அந்தப் பேருக்குத்தான் ஒழுங்கா வருவான்.)

விஷயத்துக்கு வர்றேன். முந்தின காலத்துல தையாசெட்டார்சமைடுன்னு ஒரு மருந்து. நரம்புல ஏத்தணும், கொஞ்சம் வெளியில கசிஞ்சா சதை அழுகிரும், லிவரையும் பதம் பார்க்கும். 1995ல மெலார்சமினுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச பிறகுதான் நிலைமை மாறுச்சு. இது இடுப்புப் பக்கத்து முதுகுத் தசையில ஆழமாப் போடுற ஊசி. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். மூணு மடங்கு போனா நுரையீரல்ல நீர் கோத்து நாய் செத்துப்போகக் கூடிய மருந்து. அதனால ஊசி போடுற நாள்ல புதுசா எடை பார்க்கணும். பழைய சீட்டுல இருக்கிற எடையை வெச்சுப் போட விடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், உங்களைப் பயமுறுத்த இல்ல. மருந்தோட வர்ற அச்சிட்ட தாள்லயே இருக்கு: 8 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற நாய்ங்களுக்கு ஊசிக்கப்புறம் சோர்வு, சாப்பாடு மறுக்கிறது, வாந்தி எல்லாம் சின்ன வயசு நாய்ங்களை விட அதிகம். போடக்கூடாதுன்னு அதுல சொல்லல.

கொசுவத்தி | 7 மார்ச் 2024

முறையைக் கேட்டு ரெண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்காங்க. அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி சொல்றதைச் சுருக்கமாப் போடறேன்.

கண்டுபிடிச்ச அன்னைக்கே மாசாந்தரத் தடுப்பு மருந்து ஆரம்பிக்கும். ரத்தத்துல குஞ்சுப்புழு நிறைய இருந்தா, அந்த முதல் வேளையில அதுங்க மொத்தமாச் செத்து ஒவ்வாமை வரலாம். அதனால முதல் தடவை ஆஸ்பத்திரியிலயே வெச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. கூடவே நாலு வாரம் டாக்ஸிசைக்ளின். இது புழுவைக் கொல்றதுக்கு இல்ல. புழுவோட உடம்புக்குள்ள வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு, அது இல்லாம புழுவால ஒழுங்காப் பிழைக்கவோ குட்டி போடவோ முடியாது. டாக்ஸி அதைக் காலி பண்ணும். புழு பலவீனமாகும், சாகும்போது நாய் உடம்புல கிளம்புற வீக்கமும் குறையும். அப்புறம் ஒரு மாசம் சும்மா இருக்கணும். 60ஆம் நாள் வாக்குல முதல் ஊசி. அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, மறுநாளே மூணாவது. இப்படி மூணும் போட்டா 98 சதவீதம் புழு போயிரும். ரெண்டே ஊசியோட நிறுத்துற பழைய முறையில 90 சதவீதம்தான்.

ஆபத்து ஊசியில இல்ல, அதுக்கப்புறம் இருக்கு. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் குழாய்ல போய் அடைக்கும். ஊசி போட்ட 7லேருந்து 10 நாள்ல இது உச்சம், நாலு வாரம் வரைக்கும் வரலாம். காய்ச்சல், இருமல்ல ரத்தம், திடீர்னு மூச்சுத்திணறல். இந்த நேரத்துல நாய் ஓடினா அடைப்பு மோசமாகும். கடைசி ஊசிக்கப்புறம் ஆறிலேருந்து எட்டு வாரம் கட்டிப் போட்டே வெச்சிருக்கணும்.

இந்த இடத்துலதான் வயசு நமக்குச் சாதகமா வருது. ரெண்டு வயசு நாயை இத்தனை மாசம் அசையாம வெச்சிருக்க முடியுமா? கூண்டையே பேர்த்துக்கிட்டு ஓடும். டியூக் நாள்ல முக்கால்வாசி நேரம் தூங்குறவன். கூண்டுக்குள்ள தூங்குன்னா அவனுக்கு அது ஒரு தண்டனையாவே தெரியல. "வயசாயிருச்சு, வேணாம்"னு சொல்றவங்க இதை யோசிக்கிறதே இல்ல.

வாசு (மயிலாப்பூர்) | 8 மார்ச் 2024

எங்க வீட்டுல நாலு தலைமுறையா நாய் வளர்க்கிறோம். சோறும் மோரும்தான் போடுவோம். ஹார்ட்வார்ம்னு ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்ல. அங்க மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட வியாபாரம் மாதிரி தெரியுது.

கொசுவத்தி | 9 மார்ச் 2024

வாசு சார், நீங்க கேள்விப்படாததுக்குக் காரணம் இருக்கு. தென்னிந்தியாவுல நாய்ங்ககிட்ட அதிகம் காணப்படுறது இதோட பங்காளி, டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். அது தோலுக்கடியில இருக்கும், இதயப் பக்கம் போகாது. கேரளாவுலயும் இலங்கையிலயும் மனுஷன் கண்ணுலேருந்து புழு எடுத்தாங்கன்னு செய்தி வருமே, பெரும்பாலும் அது இதுதான். நிஜமான ஹார்ட்வார்ம் (டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ்) அஸ்ஸாம், மிசோரம் பக்கம் இருக்கு. ரெண்டோட குஞ்சுப்புழுவும் ரத்தத்துல ஓடும், மைக்ராஸ்கோப்ல சட்டுனு வித்தியாசம் தெரியாது. அதனால சென்னையில ஸ்மியர் பாசிட்டிவ்னு சீட்டு வந்தா உடனே ஹார்ட்வார்ம்னு நெனச்சுப் பதறாம ஆன்டிஜென் டெஸ்ட்டும் கேட்கணும். மெலார்சமின் நம்ம ஊர்ல லேசுல கிடைக்கிற மருந்தும் இல்ல.

வியாபாரம்னு சொன்னதுக்கு: இத்தாலியில வேட்டைநாய்க்குள்ள இந்தப் புழுவைப் பார்த்து எழுதி வெச்சது 1626ல. அப்போ எந்த மருந்துக் கம்பெனி இருந்துச்சு? இங்க கல்ஃப் கடலோரம் முழுக்க, டெக்சஸ்லேருந்து ஃபுளோரிடா வரைக்கும், மார்கழியிலயும் கொசு இருக்கு. 2005ல கத்ரீனா புயலுக்கப்புறம் லூசியானாவுலேருந்து மீட்ட நாய்ங்களை வடக்கு மாநிலங்களுக்குக் கொண்டு போனாங்க. கூடவே ஹார்ட்வார்மும் போச்சு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாத நோயும் இல்ல. யானைக்கால் இதே ஜாதிதானே. அங்கயும் நூல்புழு, அங்கயும் கொசு, அந்தப் புழுவுக்குள்ளயும் இதே வொல்பாக்கியா. வீடு வீடா வந்து நின்னு முழுங்க வெச்சுட்டுப் போவாங்களே, அந்த டி.இ.சி. மாத்திரையைத்தான் ஒரு காலத்துல இங்க நாய்ங்களுக்குத் தினமும் ஹார்ட்வார்ம் தடுப்புக்குக் கொடுத்தாங்க. ஏற்கனவே ரத்தத்துல குஞ்சுப்புழு ஓடுற நாய்க்கு அதைக் கொடுத்தா அதிர்ச்சியில விழுந்துரும், அதனால ரத்தம் பாக்காம கொடுக்க மாட்டாங்க. 1980களோட பின்பாதியில மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற ஐவர்மெக்டின் வந்ததும் டி.இ.சி. ஓரங்கட்டப்பட்டுச்சு. அந்த ஐவர்மெக்டினுக்கு வழி பண்ணினவங்களுக்கு 2015ல நோபல் கிடைச்சது.

சோறும் மோரும் நல்லதுதான் சார். கொசுவுக்கு அது தெரியாது.

சுதா | 15 மார்ச் 2024

ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டாவது ஆன்டிஜென்னும் பாசிட்டிவ். மைக்ரோஃபைலேரியா கொஞ்சம்தான். எக்கோல டாக்டர் திரையில காட்டினாங்க, நுரையீரல் குழாய்ல சின்னச் சின்னதா ரெட்டைக் கோடு. அதுதான் புழுவாம். நிறைய இல்லன்னாங்க. ஆனா நுரையீரல்ல ரத்த அழுத்தம் மிதமா ஏறியிருக்கு. கிரியேட்டினின் அளவுக்கு மேல, சிறுநீர் அடர்த்தி குறைவு, அதனால கிட்னி பலவீனம் ஆரம்பம்னு சொல்றாங்க. ஊசியும் போடலாம், மாக்ஸிடெக்டின் வெச்சு மெதுவாவும் போகலாம், உங்க முடிவுங்கிறாங்க. எங்க முடிவுன்னா நாங்க என்னண்ணா பண்றது?

கொசுவத்தி | 15 மார்ச் 2024

அந்த ரெட்டைக் கோட்டை நானும் பார்த்திருக்கேன். சமக்குறி மாதிரி சின்னதா ரெண்டு வெள்ளைக் கோடு, ரத்தம் அடிக்க அடிக்க ஆடிக்கிட்டே இருக்கும். டியூக்கோட எக்கோவுல அதைக் காட்டினப்போ என் வீட்டுக்காரி வெளிய எழுந்து போயிட்டா.

யோசிச்சு எழுதறேன். நாளைக்கு.

கொசுவத்தி | 16 மார்ச் 2024

ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி என் மனசுல ஊசிதான் இருந்துச்சு. இப்போ அவ்வளவு தெளிவா இல்ல.

டியூக்குக்கு இருமல் இருந்துச்சு, எக்ஸ்ரேல குழாய் தடிச்சிருந்துச்சு. ஆனா அழுத்தம் ஏறல, கிட்னி சுத்தம். அந்த நாய்க்கு ஊசி சரி. ரோஸிக்கு ரெண்டு விஷயம் கூடுதலா இருக்கு. நுரையீரல்ல ஏற்கனவே அழுத்தம் ஏறியிருக்குன்னா, அந்தக் குழாய்ங்களுக்குச் செத்த புழுவைத் தாங்குற இடம் குறைவு. மூணு ஊசியில புழு மொத்தமாச் செத்து ஒரே சமயத்துல அங்க போய் விழும். கிட்னி பலவீனம்னா மருந்தைத் தாங்குறது, வாந்தி எடுத்தா தண்ணிச்சத்து போறது, ஒவ்வொண்ணும் பிரச்சினை.

இன்னொரு வழி, இவங்க மாக்ஸி-டாக்ஸின்னு சொல்றாங்க. மாசாமாசம் கழுத்துக்குப் பின்னால தோல்ல விடுற மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்து, கூட டாக்ஸிசைக்ளின் நாலு வாரம். புழு ஒண்ணொண்ணா மெதுவாச் சாகும். ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். சொசைட்டி இதை முதல் வழியாச் சொல்லல, ஊசி போட முடியாத நாய்க்கு மாற்று வழியாத்தான் வெச்சிருக்கு. காரணமும் நியாயம்தான்: புழு உயிரோட இருக்கிற வரைக்கும் குழாய் கெட்டுக்கிட்டே இருக்கும், நாயும் அவ்வளவு காலம் ஓடக் கூடாது. மெதுவான வழியில கட்டுப்பாடு கிடையாதுன்னு நிறைய பேர் நெனக்கிறாங்க. கட்டுப்பாடு உண்டு, இன்னும் நீளமா.

நானா இருந்தா ரோஸிக்கு எதைப் பண்ணுவேன்? மாக்ஸி-டாக்ஸி. முழு மனசோட இல்ல, நூத்துக்கு அறுபது. இதய நிபுணர் ஒருத்தரோட ரெண்டாவது கருத்துக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நான் ஹார்ட்வார்ம் வந்த நாயை வளர்த்தவன், அவ்வளவுதான். என் அறுபதை வெச்சு எதுவும் பண்ணிடாதீங்க.

செந்தில் (பேட்டன் ரூஜ்) | 17 மார்ச் 2024

ஸ்லோ கில்லெல்லாம் சோம்பேறி வைத்தியம். காசு மிச்சம் பண்றதுக்குப் பண்றது. மருந்துக்கு அசராத புழு உருவாகுறதே இதனாலதான். இவ்வளவு நாள் சரியா எழுதிட்டு இப்ப இப்படிச் சொல்றீங்களே.

கொசுவத்தி | 17 மார்ச் 2024

செந்தில், நீங்க சொல்ற பழைய ஸ்லோ கில் தனி ஐவர்மெக்டினை மாசாமாசம் கொடுத்துக்கிட்டுக் காத்திருக்கிறது. டாக்ஸி இல்ல, எக்கோ இல்ல, நாய் இஷ்டத்துக்கு ஓடும். அதைத் திட்டுங்க, நானும் கூடச் சேர்ந்து திட்டறேன். அசராத புழு மிசிசிப்பி படுகைப் பக்கத்துல இருக்கிறது உண்மை. உங்க ஊருக்கும் பக்கம்தான், அதனால உங்க கோபம் புரியுது.

ஆனா நாலு வயசுல, நல்ல கிட்னியோட, வீட்டுல காசும் இருக்கிற நாய்க்கு இதைச் சொன்னா அது சோம்பேறித்தனம். 11 வயசுல, ஏறின அழுத்தத்தோட இருக்கிற நாய்க்கு அந்தப் பேச்சு பொருந்தாது. ஒரு விஷயத்துல மட்டும் நீங்க சொல்றதை எடுத்துக்கறேன்: ஒரு மாசம் கூடச் சொட்டு மருந்து தவறக்கூடாது. தவறினா இந்த வழியில போறதுல அர்த்தமே இல்ல.

கொசுவத்தி | 18 மார்ச் 2024

செந்திலுக்குப் பதில் எழுதிட்டு ராத்திரி படுத்தப்புறம் வேற யோசனை வந்துச்சு. டியூக் விஷயத்துல நான் பெருமையா எழுதியிருக்கேன், வயசு சாதகம், தூங்கியே கழிச்சான்னு. உண்மைதான். ஆனா அவன் கூண்டை விட்டு வெளிய வந்தப்போ பின்னங்கால் சதை சுருங்கிப் போயிருந்துச்சு. மூட்டுவாதம் வேற. உக்காந்தா எழ முடியாம முன்னங்காலால இழுத்து இழுத்து எழுவான். பழையபடி நடக்கவும் செஞ்சான், ஆனா அது தானா வரல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வெச்சோம். சின்ன நாய்க்கு ஆறு மாசம் போனா போகுது. ஆயுசுல ரெண்டு மூணு வருஷம்தான் பாக்கி இருக்கிற நாய்க்கு அந்த ஆறு மாசம் பெரிய பங்கு. அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

முதல் ஊசி போட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி நின்னான். படுக்கவே மாட்டேன்னுட்டான். முதுகுல கை வெச்சா திரும்பி என்னைப் பார்ப்பான், கடிக்க மாட்டான். ஊசி போட்ட இடம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கெட்டியாயிருந்துச்சு. வலி மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சதும் அத்தை கீழ உக்காந்து "துக்காராம், வாடா"ன்னாங்க, அப்புறம்தான் படுத்தான். திரும்ப அதே நிலைமை வந்தா டியூக்குக்கு ஊசிதான் போடுவேன். அதுல சந்தேகம் இல்ல.

தம்பி (வேகோ) | 20 மார்ச் 2024

இங்க கால்நடைத் தீவனக் கடையில மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் பாட்டில் சல்லிசா கிடைக்குது. அதையே நாய்க்குக் கொஞ்சம் கொடுத்தா என்ன? பண்ணைக்காரங்க கொடுக்கிறாங்களே.

கொசுவத்தி | 20 மார்ச் 2024

தம்பி, கணக்குப் போடு. அந்தப் பாட்டில் 1 சதவீதம், ஒரு மில்லியில 10 மில்லிகிராம். நாய்க்குத் தடுப்பு அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 30 கிலோ நாய்க்கு 180 மைக்ரோகிராம், அதாவது 0.018 மில்லி. ஒரு சொட்டே கிட்டத்தட்ட 0.05 மில்லி வரும். அரைச் சொட்டுக்கும் குறைவானதை எப்படி அளப்ப? கோலி (Collie), ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி இன நாய்ங்கள்ல நிறையவற்றுக்கு எம்.டி.ஆர்.1 மரபணுக் கோளாறு உண்டு. அளவு மீறினா மருந்து மூளைக்கே ஏறிரும், நடுக்கம் வந்து கோமாவுக்குப் போயிரும். காப்பகத்துக் கலப்பு நாய்க்குள்ள எந்த ரத்தம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

பண்ணைக்காரங்க கொடுத்துப் பிழைச்ச நாயைத்தான் நீ பார்த்திருப்ப.

சுதா | 27 மார்ச் 2024

நிபுணரைப் பார்த்துட்டோம். அவரும் மாக்ஸி-டாக்ஸின்னுதான் சொன்னார். அழுத்தத்துக்கு சில்டெனாஃபில் (வயாகராவுல இருக்கிற அதே மருந்து) எழுதிக் கொடுத்திருக்கார். மருந்துக்கடையில அந்தப் பேரைச் சொன்னதும் கவுன்ட்டர்ல இருந்த பையன் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தான். நாய்க்குங்க, நாய்க்குன்னு ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு.

டாக்ஸி ஆரம்பிச்சு ரெண்டாவது நாளே சாப்பாட்டைத் தொடல. தயிர்சாதத்துல வெச்சுக் கொடுத்தும் துப்பிடறா.

கொசுவத்தி | 27 மார்ச் 2024

சிரிச்சு முடிக்க நேரமாச்சு.

தயிர்சாதத்துல வைக்காதீங்க! பால், தயிர்ல இருக்கிற கால்சியம் டாக்ஸியைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சரியா ஏறாது. மாத்திரைக்கு முன்னப்பின்ன ரெண்டு மணி நேரமாவது பால் சாமானே வேணாம். வெறும் வயித்துலயும் கூடாது, குமட்டும். வேகவெச்ச கோழியைப் பிச்சுச் சோத்தோட பிசைஞ்சு, நடுவுல மாத்திரை. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேணாம். மாத்திரை போனதும் தண்ணி குடிக்க வையுங்க, தொண்டைக்குழாய்ல ஒட்டினா புண்ணாகும். அப்பவும் சாப்பிடலன்னா நிறுத்திடாதீங்க, டாக்டரைக் கூப்பிட்டா அளவைக் குறைச்சோ வாந்தி மருந்து சேர்த்தோ கொடுப்பாங்க. கிட்னி பலவீனமான நாய் ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கக் கூடாது.

தயிரை வேற நேரத்துக்கு வெச்சுக்கலாம். ரப்பர் பொம்மைக்குள்ள அடைச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் கொடுங்க, அரை மணி நேரம் நக்கிக்கிட்டே கிடப்பா. கூண்டுல பொழுது போக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

கொசுவத்தி | 30 மார்ச் 2024

மூச்சு எண்ணுறது எப்படின்னு கேட்டிருந்தீங்க. நல்லாத் தூங்கும்போது விலா எலும்பைப் பாருங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. 30க்குக் கீழ இருந்தா சரி. கனவு கண்டு காலை உதறும்போது எண்ணினா தப்பாக் காட்டும். தினமும் ஒரே நேரத்துல எண்ணி காலண்டர்ல எழுதி வையுங்க. வழக்கமா வர்ற எண்ணுலேருந்து ஏற ஆரம்பிச்சா, 30ஐத் தாண்டும் வரைக்கும் காத்திருக்காம ஃபோன் போடுங்க.

ஈறு வெளுத்துப் போறது, திடீர்னு சுருண்டு விழறது, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்துல வர்றது, இதுல எது வந்தாலும் ராத்திரி எமர்ஜென்சி. புழு கூட்டமா இதயத்துக்குள்ள இறங்கி ரத்த ஓட்டத்தையே மறிக்கும்போது வர்றது அது. அப்போ ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக் கருவியை விட்டுப் புழுவை இழுத்து எடுக்கணும். ரோஸிக்குப் புழு குறைவுன்னு சொல்லியிருக்காங்க, வராதுன்னே நெனக்கிறேன். தெரிஞ்சு வெச்சிருக்கிறது நல்லது.

சுதா | 11 மே 2024

இருமல் பாதியாக் குறைஞ்சிருக்கு. மூச்சு 22, 24. என் வீட்டுக்காரர்தான் இப்போ எண்ணுறார், என்னை எண்ண விடறதே இல்ல.

கொசுவத்தி | 11 மே 2024

குத்திக் கொடுமைப்படுத்தணுமான்னு கேட்ட மனுஷனா? நல்லது. அவருக்கு ஒரு தகவல்: இது மழை சீசன். இங்க பேர்லாண்ட் மீனாட்சி கோயில் வாசல்ல சாயங்காலம் அஞ்சு நிமிஷம் நின்னேன், கால் முழுக்கத் தடிப்பு. கொல்லையில தேங்கின தண்ணியைக் கொட்டுற வேலையையும் அவர்கிட்ட கொடுங்க.

சுதா | 2 அக்டோபர் 2024

ஆறு மாச டெஸ்ட் வந்துச்சு. இன்னும் பாசிட்டிவ். மைக்ரோஃபைலேரியா இல்ல. ரொம்ப மனசொடிஞ்சு போச்சுண்ணா. ஊசியே போட்டிருக்கலாமோன்னு தோணுது.

கொசுவத்தி | 2 அக்டோபர் 2024

ஆறு மாசத்துல நெகட்டிவ் வரலைன்னா மருந்து வேலை செய்யலைன்னு இல்ல. ஆன்டிஜென் டெஸ்ட் காட்டுறது பெண் புழு வெளியிடற பொருளை. ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தாலும், செத்துக் கரைஞ்சுக்கிட்டு இருந்தாலும் பாசிட்டிவ்தான். ஊசி போட்ட நாய்க்கே கடைசி ஊசிக்கப்புறம் ஒன்பது மாசம் கழிச்சுப் பார்த்தாதான் அந்த டெஸ்ட்டை நம்பச் சொல்றாங்க. குஞ்சுப்புழு போயிருச்சில்ல, அப்போ அவகிட்டேருந்து கொசு மூலமா இன்னொரு நாய்க்குப் போறது நின்னுருச்சு.

டெஸ்ட் சீட்டை விட்டுட்டு, திரும்ப எக்கோ எடுத்தா அழுத்தம் என்னன்னு கேளுங்க. உங்களுக்கு வேண்டிய பதில் அதுலதான் இருக்கு. ஊசி போட்டிருக்கலாமான்னா, அந்த மார்ச் மாச ரிசல்ட்டோட இன்னைக்கு வந்து கேட்டாலும் நான் அதே அறுபதைத்தான் சொல்வேன். சரி, அறுபத்தஞ்சு.

சுதா | 9 அக்டோபர் 2024

எக்கோ பார்த்தாச்சு. அழுத்தம் மிதத்துலேருந்து லேசுக்கு இறங்கியிருக்கு. ரெட்டைக் கோடு ஒரே ஒரு இடத்துலதான் தெரிஞ்சுது. கிரியேட்டினின் அதே அளவுல நிக்குது. மாக்ஸிடெக்டின் தொடருது. ஒரு வருஷ டெஸ்ட்லயும் பாசிட்டிவ்னா இன்னொரு தடவை டாக்ஸி கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கிட்னிக்கு உணவு மாத்தியாச்சு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடறா.

கொசுவத்தி | 9 அக்டோபர் 2024

அந்த உணவை வெந்நீர் விட்டுக் குழைச்சுக் கொடுத்துப் பாருங்க, வாசனை ஏறும். மார்ச் டெஸ்ட் முடிஞ்சதும் இங்க வந்து போடுங்க, தேடி வர்றவங்களுக்கு உதவும்.

வேகோ தம்பி | 10 அக்டோபர் 2024

அண்ணே, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துட்டேன். எங்க வீட்டுல பூனையும் ஒண்ணு இருக்கு. பூனைக்கும் இது வருமா? வந்தா இதே வைத்தியம்தானா?

கொசுவத்தி | 10 அக்டோபர் 2024

வரும். வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனைக்கும் வரும், கொசு கதவைத் தட்டிட்டா வருது. ஆனா வைத்தியம் இது இல்ல. மெலார்சமின் பூனைக்குப் போடவே கூடாது. புழுவும் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், ஆன்டிஜென் டெஸ்ட்ல பல நேரம் மாட்டாது. ஆஸ்துமா மாதிரி இருமும், அதை ஆஸ்துமான்னே நெனச்சுப்பாங்க. பூனைக்குத் தடுப்பு ஒண்ணுதான் வழி, மாசாமாசம் சொட்டு மருந்து இருக்கு. மேல ஏதாவது கேக்கணும்னா பூனைக்குன்னு தனி இழை போடு தம்பி, இங்க ஏற்கனவே நீளமாயிருச்சு.